பன்னிரண்டாவது சொல்

வாகீசன் கையில் ஒரு மைக்கைக் கொடுத்தால் போதும், மனிதர் இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுவார். முப்பத்தொரு வருடம் வக்கீல் அலுவலகம் ஒன்றில் ஆவணங்களை மொழிபெயர்த்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரின் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்குத் தோ பாயோவில் பேசக் கூப்பிட்டதும், ‘ஐரோப்பா போன நம் சொற்கள்’ என்று தலைப்பைத் தானே வைத்துக்கொண்டார். கட்டுமரம், சுருட்டு, தேக்கு என்று தேடிப் பிடித்துப் பன்னிரண்டு சொற்களைச் சேர்த்தார்.

சேர்த்துவிட்டாரே தவிர, உச்சரிப்புதான் வசப்படவில்லை. பிரெஞ்சோ ஜெர்மனோ, அவர் வாய்க்குள் போனால் யாழ்ப்பாணத்துப் பேச்சாகத்தான் வெளியே வரும். அதனால் ரெனீயைக் கூப்பிட்டார். அவர் மகன் மயூரனுக்கு நிச்சயமான பெண். பள்ளியில் மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு படித்தவள், இப்போது ஒரு ஜெர்மன் கம்பெனியில் வேலை. கத்தோலிக்கப் பெண் என்றதும் வாகீசனின் மனைவி மனோரஞ்சிதம் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். “மனுஷங்கதான் முக்கியம்” என்று பேசிப் பேசி அவரை இறங்கி வரச் செய்தவர் வாகீசன். அதைச் சொல்லிக்காட்டாத நாளும் இல்லை.

சிராங்கூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, பதினோரு சொற்களையும் ரெனீ பொறுமையாகத் திருத்திக் கொடுத்தாள்.

“இதை வச்சுத்தான்மா முடிக்கப் போறேன்,” என்று வாகீசன் பன்னிரண்டாவதைக் காட்டினார்.

திரையில் ‘பறையர்’ என்று இருந்தது. அதிலிருந்து ஒரு அம்புக்குறி போர்த்துகீசியத்துக்குப் போயிற்று. அங்கிருந்து ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், இத்தாலியன் என்று கிளைகள். ஒலி கொஞ்சம் கொஞ்சம் மாறினாலும் பொருள் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: யாரும் சேர்த்துக்கொள்ளாதவன்.

ரெனீ சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “பிரெஞ்சுல பர்யா. ஜெர்மன்ல பாரியா, முன்னால அழுத்தணும். இங்கிலீஷ்ல பரையா. நியூஸ்ல வருமே அங்கிள், எல்லாரும் ஒதுக்கி வச்ச நாட்டைச் சொல்றதுக்கு.”

“பாத்தியா! பறைன்னா மேளம். எங்க அம்மா பேச்சுல பறையிறதுன்னா பேசுறது. மேளமும் பேச்சுமா இருந்த சொல்லு, அங்க போய் எப்படி ஆயிடுச்சு பாரு.”

“அந்த அர்த்தத்தை அவங்க எங்கேர்ந்து எடுத்தாங்க? மேளத்துலேர்ந்தா?”

வாகீசன் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு விறுவிறுவென்று தட்டச்சு செய்தார்: ‘சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பொருளைக் கொடுத்தது நாம்தான்.’ எழுதியதை உரக்கப் படித்தார். “கை தட்டுவாங்கல்ல?” என்று கேட்டார்.

“தட்டுவாங்க அங்கிள்,” என்றாள் ரெனீ. அவள் முகம் மலர்ந்திருந்தது.

இந்த இடத்தில் வாகீசனை விட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் அதற்கு முந்தைய வாரம் செய்து வைத்த காரியம் ஒன்று இருக்கிறது.

சிங்கப்பூரில் யாரும் யாரையும் சாதி கேட்பதில்லை. அவ்வளவு நாகரிகம் வந்துவிட்டது. ஊர்தான் கேட்பார்கள். நிச்சயம் முடிந்து சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, வாகீசனும் காப்பியை ஆற்றியபடியே கேட்டார். ரெனீயின் அப்பா லாசரஸ் பேருந்துப் பணிமனையில் வேலை செய்பவர், வெளிப்படையான ஆள். “நமக்கு ஊரு இங்க தேக்காதான் சம்பந்தி! அப்பா அந்த மார்க்கெட்லதான் மூட்டை தூக்கினாரு,” என்று சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். சாமிப் படத்தின் கீழே லாசரஸின் அப்பாவுடைய நினைவு அட்டை இருந்தது. பெயர், இறந்த தேதி, பிறந்த கிராமம் எல்லாம் அச்சிட்டிருந்தார்கள். “கல்யாணப் பத்திரிகையில தாத்தா பேரு போடணும், எழுத்துப் பிழை வந்துடக் கூடாது,” என்று சொல்லி வாகீசன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார். லாசரஸ் கண் கலங்கிப்போய், அட்டையைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அன்றிரவே அந்தப் படம் திருச்சிக்குப் போயிற்று, வாகீசனோடு ஒரே அலுவலகத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சுரேந்தருக்கு. ‘சும்மா, தெரிந்துகொள்ளத்தான்’ என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

பதில், மேடைப் பேச்சுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. குரல் செய்தி. “விசாரிச்சுட்டேன். அந்த ஊர்ல மாதா கோயில் ஒண்ணுதான், தெரு ரெண்டு. இவங்க பறையர் தெரு. கல்லறைகூடத் தனி. வெளிய சொல்ல மாட்டேன், கவலைப்படாதீங்க.”

வாகீசன் அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டார். கல்யாணத்தை நிறுத்தும் எண்ணம் அவருக்கு வரவில்லை. அதைத் தன் பெருந்தன்மை என்று நினைத்து ஒரு நொடி ஆறுதலும் பட்டுக்கொண்டார். மனோரஞ்சிதத்தின் அண்ணன்மாருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் முதல் கவலை. அதற்குப் பிறகுதான் பன்னிரண்டாவது சொல் ஞாபகத்துக்கு வந்தது. லாசரஸ் முன்வரிசையில் உட்காருவார். பாவம், மனசு புண்படும். இப்படித் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கத்தை அழித்தார்.

சனிக்கிழமை பேச்சு அமோகமாக நடந்தது. பதினோரு சொற்கள், பலத்த கைதட்டல். எல்லாரும் வடைத் தட்டைத் தேடிப் போனபின் லாசரஸும் ரெனீயும் மேடையருகே வந்தார்கள்.

“கடைசிச் சொல்லு எங்க அங்கிள்?”

“டைம் ஆயிடுச்சும்மா.”

“பத்து நிமிஷம் முன்னாடியே முடிச்சிட்டீங்க லா.”

வாகீசன் மைக்கின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

“நான் அதைக் கேக்கத்தான் வந்தேன் சம்பந்தி,” என்றார் லாசரஸ். “பொருளைக் கொடுத்தது நாமதான்னு அங்கிள் மேடையில சொல்லப் போறார்ப்பா, வாங்கன்னு இவ சொன்னா. எனக்கு அம்பத்தொம்பது வயசு. அந்த வார்த்தையைத் திட்டறதுக்குத்தான் கேட்டிருக்கேன். ஒருத்தர் தப்பு எங்க மேலதான்னு சொல்லி ஒருநாளும் கேட்டதில்ல. ஷிஃப்டை மாத்திக்கிட்டு ஓடி வந்தேன்.”

வாகீசன் ஒயரை இன்னொரு சுற்றுச் சுற்றினார். ரெனீ அவர் முகத்தையே பார்த்தாள்.

“அன்னிக்கு அவ்வளவு ஆசையாப் பேசினீங்க. அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?” என்று மெதுவாகக் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அது அவள் முகத்தில் தெரிந்ததை வாகீசனும் பார்த்தார்.

லாசரஸுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. “அப்பாவோட கார்டு,” என்றார். “பத்திரிகைக்குன்னு போட்டோ எடுத்தீங்களே.”

வாகீசன் தலையை ஆட்டினார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அந்த அட்டையை லாசரஸ் துடைத்துக் காட்டிய விதம் கண்முன்னே வந்து நின்றது. எங்காவது ஓடி ஒளிந்துகொள்ள மாட்டோமா என்றிருந்தது.

“என்னையே கேட்டிருக்கலாமே சார். நான் சொல்லியிருப்பேனே. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?”

சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் சார் என்று கூப்பிட்டதில் வாகீசன் கூனிக் குறுகிப் போனார்.

அந்த நேரம் பார்த்து மயூரன் நாலு காகிதக் கோப்பைகளில் தேநீர் எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தான். “அப்பா, கலக்கிட்டீங்க! ரெனீ சொன்ன கடைசி ஸ்லைடைத்தான் காணோம்,” என்றான்.

“அவருக்குத் தெரியுமா அங்கிள்?”

“தெரியாது.”

“நீங்களே சொல்லிடுங்க,” என்றாள் ரெனீ. “என் வாயால சொல்ல எனக்கு அசிங்கமா இருக்கு.”

வாகீசன் மகனைப் பார்க்காமல், கீழே பார்த்தபடி சொன்னார்: “மயூரா, இவங்க என்ன சாதின்னு நான் ஆள் வச்சு விசாரிச்சேன்.”

மயூரன் கோப்பைகளை மேடை விளிம்பில் ஒவ்வொன்றாக வைத்தான். ரெனீயைப் பார்த்தான், லாசரஸைப் பார்த்தான். பிறகு அப்பாவிடம் திரும்பினான்.

“விசாரிச்சு? வேற பதில் வந்திருந்தா, அந்த ஸ்லைடைப் போட்டிருப்பீங்க, இல்ல?”

போட்டிருப்பார். கைதட்டலும் வாங்கியிருப்பார். அது வாகீசனுக்குத் தெரியும். மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஆமா,” என்றார்.