மாமா தட்டிப் பார்த்து வாங்கிய லேப்டாப்

லேப்டாப் வாங்க வைத்திருந்த பணத்தை அம்மா என்னிடமும் தரவில்லை, அப்பாவிடமும் தரவில்லை. நேராகத் தன் அண்ணன் கையில் கொடுத்தாள். தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மற்றவர்களுக்கு அங்கே என்ன வேலை? பரிமா மாமாவுக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சுவாமே என்ற பேட்டையில், பட்டறைகள் பக்கம் லாரி உதிரிபாகம் விற்கிறவர். கியர்பாக்ஸைத் தட்டிப் பார்த்தே வயதைச் சொல்வார். லேப்டாப் அதற்குத் தங்கச்சிதானே!

எனக்கோ தலைக்கு மேல் கத்தி. எங்கள் குமாசி நகரத்துக் கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். திங்கட்கிழமை கணக்கியல் தேர்வு. அவரவர் லேப்டாப்பில், கல்லூரி இணையத்தில்தான் எழுத வேண்டும். போன தடவை இரவல் வாங்கியது பாதியில் படுத்துக்கொள்ள, தோற்றேன். இந்தத் தடவையும் தோற்றால் கல்லூரியிலிருந்து மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சனிக்கிழமை அடும் என்ற கடைத்தெருவில், எலோம் என்பவனின் கடையில் மெல்லிசாக ஒரு புது லேப்டாப்பைக் காட்டினேன். மாமா அதை இரண்டு விரலால் தூக்கினார்.

“என்னடி செர்வா, பிஸ்கட் தட்டாட்டம் இருக்கு? ஊதுனா பறந்துரும்.”

“புதுசு மாமா. உத்தரவாதம் கூடத் தர்றாங்க.”

“கெட்டுப்போகும்னு தெரிஞ்சுதானே உத்தரவாதம் தர்றான்! நமக்குன்னு புதுசா செஞ்சு அனுப்புறதெல்லாம் குப்பைடி. வெள்ளைக்காரன் தனக்குன்னு வாங்கி, தானே ஓட்டினான் பாரு, அதுதான் சரக்கு.”

மாமாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரே அப்படித்தான். எவனோ புரண்ட மெத்தையில் படுத்தால்தான் எங்களுக்குத் தூக்கமே வரும். அங்கே ஓடித் தேய்ந்து இங்கே வந்த வேன்களில் ஏதோ ஜெர்மன் ரொட்டிக்கடையின் பெயர் அப்படியே இருக்கும். அழித்தால் விலை இறங்கிவிடும்.

அதுவரை புதுசுக்காகச் சத்தியம் செய்துகொண்டிருந்த எலோம், சட்டென்று குனிந்து மேசைக்கடியிலிருந்து செங்கல்லாட்டம் கறுப்பாக ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தான்.

“அண்ணே, உங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன். ஜெர்மனிக் கம்பெனியில ஓடினது. மேனேஜர் மேசையில இருந்ததாக்கும்!”

மாமா கையில் எடை பார்த்தார், தட்டினார், காதில் வைத்துக் கேட்டார். மூடியில் அந்தக் கம்பெனியின் முத்திரை ஒட்டியிருந்தது.

“ஸ்டிக்கரைக் கிழிச்சிடட்டுமாண்ணே?”

“கையை ஒடச்சிருவேன்! அதுதான்டா அழகே.”

“இன்டர்நெட்ல போட்டுப் பாத்துடலாம் மாமா,” என்றேன்.

“கடையில காலையிலேருந்து நெட் இல்லம்மா,” என்றான் எலோம், முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு.

“எஞ்சினையே கேட்டாச்சு, இனி ரோடு எதுக்கு?” என்று மாமா பணத்தை நீட்டிவிட்டார்.

அதோடு விட்டாரா? ஞாயிறு முழுக்க அது அவர் கக்கத்திலேயே இருந்தது. தேவாலயத்தில் காட்டினார், பட்டறையில் காட்டினார். சின்னம்மா தூக்கிப் பார்த்து, “நல்ல கனம்!” என்று பட்டமே கொடுத்தாள். திங்கட்கிழமை காலை, கல்லூரி வாசலில்தான் என் கைக்கு வந்தது.

தேர்வு அறையில் இணையத்தோடு இணைத்தேன். திரை இருண்டது. மூடியிலிருந்த அதே முத்திரை பெரிதாக எழுந்தது. கீழே எழுத்துகள்: இந்தக் கணினி எங்கள் நிறுவனத்தின் உடைமை. காணாமல் போனதாகப் பதிவாகியுள்ளது. வைத்திருப்பவர் தயவுசெய்து திருப்பி அனுப்பவும்.

எந்தப் பொத்தானை அமுக்கியும் அது அசையவில்லை. மேற்பார்வைக்கு வந்த டபா அம்மையார் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, திருட்டு மாலா?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்கு அவமானத்தில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கணினி இல்லாதவர் எழுத முடியாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் மாமா வாழைக்காய் வறுவல் பொட்டலத்தோடு நின்றிருந்தார்.

“அதுக்குள்ள எழுதிட்டியா? நான் சொல்லல, வேகம்னா இது வேகம்!”

மூடியைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு சொல்லாக முணுமுணுத்துப் படித்தார். பிறகு அதன் முதுகில் செல்லமாகத் தட்டினார்.

“பாத்தியா? நல்ல சரக்கா இல்லன்னா, அவன் இன்னும் தேடிக்கிட்டு இருப்பானா?”

அடுத்த வாரத்திலிருந்து நான் மாமா கடைக் கல்லாவில் உட்காருகிறேன். வணிகம்தானே படித்தாய் என்று அதையும் அவரே முடிவு செய்துவிட்டார்.