641க்கு மீதி இல்லை

நல்லம்மாளின் மடியில் அரிசி இல்லை, சீனி இல்லை, வெற்றிலைப் பொட்டலம்தான் இருந்தது. மலாயாவில் அவசரகாலம்; காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்களை முள்வேலிக் கேட்டில் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். துப்பறியும் போலீஸ்காரர் உடையப்பன் பொட்டலத்தைப் பிரித்தார். வெற்றிலையை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டார்.

காகிதம் முழுக்க எண்கள்.

தோட்டப் பள்ளியில் டீச்சராக இருந்த மகள் நவமணி ஓடி வந்தபோது, அம்மாவை லோரிப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். லோரி ஏறினால் லாக்கப்தான்.

"619ன்னா மர நம்பர். 514ன்னா அரிசி டின். காட்டுல இருக்கவனுக்குத்தானே, டீச்சர்?" என்றார் உடையப்பன்.

"ஐந்நூறு டின்ன இடுப்புலயா சொருகிட்டுப் போவேன்?" என்றாள் நல்லம்மாள். "வெத்தல மடிக்க வீட்டுல கெடந்த தாள எடுத்தேன்லா."

அது நவமணி கணக்குப் போட்ட தாள். மேலே இருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினாள்: 4294967297.

"இந்த ஒரு நம்பர்தான் சார். வேற எதாலயும் வகுபடாதுன்னு ஒரு மேதை நெனச்சாராம். உண்மையான்னு சொல்ற அடுத்த பக்கம் புத்தகத்துல கிழிஞ்சிருச்சு. அதான் நானே ஒவ்வொரு பகா எண்ணா வகுத்துப் பாக்குறேன். 619ஆல வகுத்தா மீதி 514. 631க்கு மீதி 173."

"வகுபடாததை எதுக்கு வகுக்குற? அடுத்ததை என் கண் முன்னால போடு."

அடுத்தது 641. கேட் கம்பத்தில் தாளை வைத்துப் போட்டாள். மீதி 448 வந்தது, பிறகு இரண்டு, இருபத்தாறு. கடைசியில் 4487. ஏழு தடவை 641. கழித்தாள்.

பூஜ்யம்.

அவளை அறியாமல் சிரித்துவிட்டாள்.

"ஏன் சிரிச்ச?" உடையப்பனின் முகம் இறுகியது. "வகுபடாதுன்ன. இப்ப மிச்சமே இல்ல. அப்ப நீ சொன்னது பொய்."

"அவர் நெனச்சதுதான் சார் தப்பு. நீங்களே பெருக்கிப் பாருங்க."

அவர் பெருக்கினார். வரிசையில் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். ஈவாக வந்த 6700417ஐ 641ஆல் பெருக்கி, ஒவ்வோர் இலக்கத்தையும் விரலால் அழுத்தி ஒப்பிட்டார். சரியாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இந்த 6700417 எதால வகுபடும்?"

"தெரியாது சார்."

"தெரிஞ்சுகிட்டு வந்து காட்டு. ஆத்தா வீட்டுக்குப் போகட்டும். அதோட கார்டு என்கிட்ட இருக்கட்டும்."

அடையாளக் கார்டு இல்லாமல் வேலியைத் தாண்ட முடியாது. லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நல்லம்மாள் போலீஸ்காரரைத் திட்டிக்கொண்டே வந்தாள். நவமணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். பெரிய எண்ணை வகுக்காத பகா எண்கள் இதையும் வகுக்காது. அதனால் 641இலிருந்து தொடங்கினால் போதும். ஆனால் அதன் வர்க்கமூலம் வரை, 2588 வரை, போக வேண்டும். பள்ளிக்கூடத்துக் காகிதம் அதற்குப் போதாது.