பிள்ளையின் பஞ்சுக்குச்சி

றொய்ஸ்டன் சிகரெட்டை விட்டு ஏழு மாதம். மகள் பிறந்த அன்று மூச்சுவிடத் திணறியதைக் கண்டு, "பிள்ளை தப்பினால் இனிச் சிகரெட்டைத் தொடமாட்டன்" என்று மடு மாதாவுக்கு நேர்ந்தவர். பிள்ளை தப்பியது, இவரும் தொடவில்லை. அவர் மனைவி அன்ரனீற்றா, அவர்கள் குடியேறியிருந்த கிளென்ஃபீல்டில் கண்டவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தாள்.

சிகரெட்டின் இடத்துக்கு ஒரு சின்னக் கருவி வந்திருந்தது. புகையிலைக் குச்சியைச் செருகினால் எரிக்காமல் சூடாக்கும். "நெருப்பில்லை, சாம்பலில்லை. வெறும் ஆவி" என்றார். அவளும் நம்பினாள். மழை நாட்களில் வீட்டுக்குள்ளேயே இழுக்கவிட்டாள். சோளப்பொரி கருகி, அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டதுபோல ஒரு நாற்றம் வரும். ஜன்னலைத் திறந்துவிட்டு இருந்துகொள்வாள்.

திங்கள் காலை மகளின் காதோரம் துடைக்கப் பஞ்சுக்குச்சி டப்பாவை எடுத்தாள். பாதி காலி. குளியலறைக் குப்பைக்கூடைக்குள் ஒன்பது குச்சிகள் கிடந்தன, நுனியெல்லாம் கபில நிறப் பிசின். கருவியின் உள்ளே துடைத்த ஊத்தை. ஒன்றை மூக்கருகே கொண்டுபோனாள், அதே கருகல் நாற்றம். இதைத் துடைத்த கையாலேயே பிள்ளையின் டப்பாவுக்குள் மறுபடி மறுபடி துழாவியிருக்கிறார் மனிதர்! இரண்டு மாதமாகப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு. இதை வீட்டுக்குள் விட்ட தன்னை நினைக்க இன்னும் அருவருப்பாக இருந்தது. ஒரு குச்சியை டிஷ்யூவில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

அன்று பின்னேரம் கிளினிக்கில் மதுரைக்கார நர்ஸ் கௌரி கேட்டாள்: "வீட்ல யாராவது புகை பிடிக்கிறாங்களா?"

"இல்லை" என்றார் றொய்ஸ்டன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். போன முறையும் அதே பதில்தான். அப்போது அன்ரனீற்றாவும் தலையாட்டியிருந்தாள்.

இம்முறை அவள் டிஷ்யூவை மேசையில் விரித்தாள். விஷயத்தையும் சொன்னாள்.

"அது சிகரெட் இல்லை. மாதாவுக்குக் குடுத்த வாக்கை நான் மீறேல்லை" என்றார் றொய்ஸ்டன்.

கௌரி முகத்தைச் சுளித்தபடி குச்சியைப் பார்த்தாள். "சிகரெட்டை விட இதுல சில நச்சுங்க கம்மிதான் சார். அதுக்காக ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடாது. நிக்கோட்டின் இருக்கு. நீங்க ஊதி விடுறதைக் குழந்தையும் சேர்ந்து இழுக்குது. ரொம்ப வருஷம் போனா என்ன செய்யும்னு இன்னும் சரியாத் தெரியாது."

"கேட்டீரே, குறைவாம்!" றொய்ஸ்டன் மனைவியைப் பார்த்து வென்றுவிட்டவர்போலச் சிரித்தார்.

அன்ரனீற்றா குச்சியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"அப்ப இதாலை பிள்ளையின்ர காதைத் துடையுங்கோ, பாப்பம்."

மகள் அவர் மடியில்தான் இருந்தாள். அவர் கை அசையவில்லை. புது விளையாட்டுச் சாமான் என்று நினைத்தாளோ என்னவோ, பிள்ளை அந்தக் கபில நுனியைப் பிடிக்க எட்டினாள். றொய்ஸ்டன் பதறிப்போய்க் குச்சியைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"தொடாதை பிள்ளை! ஊத்தை!"

கௌரி, போன முறை கணினியில் பதிந்திருந்த 'இல்லை'யை அழித்தாள்.