நாய் எழுந்து போன வழக்கு

நான் வக்கீல். வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்பவருக்கும் காலி செய் என்பவருக்கும் நடுவில் நின்று பிழைப்பவன். ஸ்பீக்கரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பின்பக்கம் வயர் போகும், முன்பக்கம் சத்தம் வரும் என்பதுதான். ஆனால் ஸ்பீக்கர் தயாரிப்பவரின் மகளைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, அவருடைய மானநஷ்ட வழக்கு என் தலையில் வந்து விழுந்தது. வீட்டிலேயே ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு வெளியே ஆள் தேட மாமாவுக்கு என்ன கிறுக்கா?

மாமாவின் கம்பெனியில் ஒரு வழக்கம். எந்தப் புது ஸ்பீக்கரும் அவர் காதைத் தாண்டாமல் வெளியே போகாது. கனத்த திரைகள் தொங்கும் அறை, நடுவில் ஒற்றை சோபா. மாமா அதில் கண்ணை மூடி உட்காருவார். மூலையில் இன்ஜினியர் லேப்டாப்போடு நிற்பார். மாமா ஆள்காட்டி விரலை உயர்த்தினால் சத்தத்தின் கூர்மையைக் கூட்ட வேண்டும். தாழ்த்தினால் குறைக்க வேண்டும். விரலை மடக்கினால் வேலை முடிந்தது. பேச்சே கிடையாது. அட்டைப்பெட்டியின் மேல் மாமாவின் இடது காதைப் படமாகப் போட்டு, 'உரிமையாளர் தம் காதால் கேட்டுத் தேர்ந்தது' என்று அச்சடித்திருப்பார்கள். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நான் அவர் காதைப் பார்த்துவிட்டேன். முதல்முறை போனபோது வாசலில் பெட்டி அடுக்கியிருந்தார்கள்.

அந்தக் காதின் மேல்தான் கறார் அக்கா கை வைத்தார்.

கறார் அக்கா என்பது அவருடைய வீடியோக்களைப் பார்ப்பவர்கள் வைத்த பெயர். கம்பெனிக்காரன் சும்மா கொடுப்பதைத் தொட மாட்டார். கடையில் தானே வாங்கி, வீட்டு ஹாலில் வைத்துக் கேட்டு, மனசில் பட்டதைச் சொல்வார். அவருடைய நாய்க்குப் பெயர் மூட்டை. எல்லா வீடியோவிலும் ஸ்பீக்கருக்கு முன்னால் மூட்டை மாதிரியே கிடக்கும். காதைப் பிளக்கும் டிரம்ஸுக்குக்கூட ஒரு கண்ணைத்தான் திறக்கும்.

மாமாவின் புது மாடலைப் பற்றி அக்கா சொன்னது இது: "இதுல பாட்டு கேட்டா பல் டாக்டர் முன்னாடி வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்த மாதிரியே இருக்குங்க. வாங்கறவங்க கூடவே கொஞ்சம் பஞ்சும் வாங்கிக்கோங்க."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பின்னால் மூட்டை மெல்ல எழுந்தது. ஸ்பீக்கரைப் பார்த்தது. கேமராவைப் பார்த்தது. விறுவிறுவென்று வெளியே போய்விட்டது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஊரே பகிர்ந்துகொண்டிருந்தது.

"அந்தம்மாவைக்கூட மன்னிச்சிருவேன் மாப்பிள்ளை," என்றார் மாமா. மூக்கு சிவந்திருந்தது. "அந்த நாயை விட மாட்டேன். அதையும் கேஸ்ல சேருங்க."

"நாயைப் பிரதிவாதியா சேக்க முடியாது மாமா."

"ஏன் முடியாது? என் மானத்தை வாங்கினது அதுதானே?"

கடைசியில் 'மேற்படி நாயை உள்நோக்கத்துடன் வெளியேறச் செய்து' என்று ஒரு வரி எழுதி அவரைச் சமாதானப்படுத்தினேன். படித்த படிப்புக்கு இதைவிடக் கேவலம் வேண்டுமா? கறார் அக்கா வக்கீல் யாரையும் வைக்காமல் தானே பதில் அனுப்பினார்: 'கேட்டதைச் சொன்னேன். நாய் தன் விருப்பப்படி போனது. அதை யாரும் தூண்டவில்லை.'

கோர்ட்டு எங்களைச் சமரசத்துக்கு அனுப்பியது. சமரசம் பேச வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதியம்மா. இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, "நான் இன்னும் அந்த ஸ்பீக்கரைக் கேக்கவே இல்லையே?" என்றார்.

மாமா துள்ளி எழுந்தார். "என் ரூமுக்கே வந்து கேளுங்கம்மா. அந்த நாயையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. என் ரூம்ல அது எழுந்து போச்சுன்னா, அந்த சோபாவுல நான் இனிமே உக்காரவே மாட்டேன். கேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். வார்த்தை வெளியே போய்விட்டது.

அன்று சாயங்காலம் மாமா வீட்டில்தான் சாப்பாடு. என் மனைவி என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏங்க, அப்பாவுக்கு அந்த சோபாவை விட்டா வேற உலகமே கிடையாதுங்க. அதுவும் போச்சுன்னா மனுஷன் உடைஞ்சு போயிருவாரு. எப்பாடு பட்டாவது ஜெயிச்சுக் குடுங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஹாலில் ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் 'கீ கீ' என்று கத்த ஆரம்பித்தது. மாமா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாக மென்றுகொண்டிருந்தார்.

"கையெட்டுற தூரம்தான்! மூடறாரா பாரு!" என்றார் மாமியார். "கல்லு மனசு!"

நானும் அதைத் திமிர் என்றுதான் நினைத்தேன். போய் மூடிவிட்டு வந்தேன்.

குறித்த நாளில் திரைகள் தொங்கும் அறைக்குள் எல்லோரும் கூடினோம். மாமா சோபாவில். நீதிபதியம்மாவுக்கும் கறார் அக்காவுக்கும் எனக்கும் நாற்காலிகள். இன்ஜினியர் மூலையில். மூட்டை வந்ததும் வராததுமாகக் கம்பளத்தின் நடுவில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. மாமா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

பாட்டு ஆரம்பித்தது.

பாடகி 'ச' என்று இழுத்த இடமெல்லாம் என் கடைவாய்ப் பல்லில் யாரோ கம்பி விட்டுக் குடைந்தார்கள். நீதிபதியம்மா கைப்பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். இன்ஜினியர் மட்டும் கல் மாதிரி நின்றார். அப்புறம்தான் பார்த்தேன், அவர் காதுக்குள் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தது. மூட்டை எழுந்தது, உடம்பை ஒருமுறை உதறியது, போய் வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டது.

மாமாவுக்கு அது தெரியாது. கண்ணை மூடி, முகமெல்லாம் மலர, ஆள்காட்டி விரலை மெல்ல உயர்த்தினார். இன்னும் கொஞ்சம்.

கறார் அக்கா அந்த விரலையே பார்த்தார். பாட்டை நிறுத்தச் சொன்னார்.

"நான் எப்பவும் கேக்கற காதைத்தான் முதல்ல டெஸ்ட் பண்ணுவேங்க. இன்னிக்கு எல்லாரும் பண்ணிரலாமா? ஒரு சத்தம் வரும். ஏறிக்கிட்டே போகும். கையைத் தூக்கிக்கோங்க. நின்னதும் இறக்கிருங்க. கண்ணை மூடிக்கணும், காப்பி அடிக்கக் கூடாது."

தன் ஃபோனை ஸ்பீக்கரோடு இணைத்தார். எல்லோரும் கையைத் தூக்கினோம். நான் வக்கீல், ஒரு கண்ணை மட்டும் மூடினேன். விசில் மாதிரி ஆரம்பித்த சத்தம் ஏறி ஏறி ஊசியாகி மண்டைக்குள் இறங்கியது. முதலில் இறங்கியது மாமாவின் கை.

"அவ்ளோதானா? நின்னுருச்சா?" என்றார் கண்ணை மூடியபடியே.

நிற்கவில்லை. கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது. அன்றும் மாமாவுக்கு அது கேட்கவே இல்லை.

கறார் அக்காவைப் பார்த்தேன். ஜெயித்த முகமாக இல்லை அது. சட்டென்று தன் கையை இறக்கிவிட்டார். நானும் இறக்கினேன். நீதிபதியம்மா கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார், அவரும் இறக்கினார். இன்ஜினியரும். மாமா கண்ணைத் திறந்தபோது எல்லாக் கைகளும் ஒழுங்காக மடியில் இருந்தன.

"ஆமா மாமா, நின்னுருச்சு," என்றேன்.

வாசலில் மூட்டை கழுத்தை நீட்டி ஊளையிட ஆரம்பித்தது.

மாமா திரும்பிப் பார்த்தார். "சத்தம்தான் நின்னுருச்சே. அது எதுக்கு ஊளையிடுது?"

கறார் அக்கா மெதுவாக ஃபோனைத் தொட்டார். மூட்டை கப்பென்று வாயை மூடியது.

"இன்னொரு தடவை தொடும்மா," என்றார் மாமா.

தொட்டார். ஊளை. மறுபடி தொட்டார். அமைதி. மாமா முட்டாள் இல்லை. நாயையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் இன்ஜினியரின் காதைப் பார்த்தார்.

"எப்பலேருந்து பஞ்சு?"

"பழைய மாடல்லேருந்தே சார்."

"ஏன்டா சொல்லல?"

"உங்க விரல் மேல மேல போச்சு சார். நான் என்ன சார் பண்ணுவேன்?"

மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா."

"அப்புறம் ஏன் கையை இறக்கினீங்க?"

"நான் உங்க வக்கீல் மாமா."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இந்த ரூம்ல எங்கிட்ட உண்மையைச் சொன்னது அது ஒண்ணுதான். அதைப் போய் கேஸ்ல சேக்கச் சொன்னேனே," என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது போலச் சோபாவை விட்டு எழுந்தார். கறார் அக்காவைப் பார்த்து, "நீ உக்காந்து சொல்லும்மா," என்றார்.

"ஐயோ, வேணாங்க! கம்பெனி சோபாவுல உக்காந்தா அப்புறம் என்னை யாருங்க நம்புவா?"

மாமா தலையாட்டினார். இன்ஜினியரிடம் பாட்டைப் போடச் சொன்னார். நின்றபடியே, இந்த முறை கண்ணை மூடாமல், வாசலில் இருந்த மூட்டையின் முகத்தையே பார்த்துக்கொண்டு விரலைத் தாழ்த்தினார். இன்னும் தாழ்த்தினார். பாடகிக்கு மெல்ல மெல்ல மனுஷக் குரல் வந்தது. மூட்டையின் காது தளர்ந்தது. படியைத் தாண்டி உள்ளே வந்தது. மாமாவின் விரல் இன்னும் ஒரு துளி இறங்கியது.

மூட்டைக்குக் கொள்கை கிள்கை எதுவும் இல்லை. சோபாவில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, சுருண்டு படுத்துக்கொண்டது.

மாமா விரலை மடக்கினார்.