இஞ்சிக்கு ஒரு முழு ரஸ்க்

வார்னர் மேம்சாப் வீட்டு நாயின் பெயர் ஜிஞ்சர். அந்தப் பெயர் பாஞ்சாலியின் வாயில் நுழையவில்லை. ஜிஞ்சர் என்றால் இஞ்சி என்று சமையல்காரர் ரெமிஜியஸ் ஒருநாள் விளக்கம் சொன்னார். அன்றையிலிருந்து அவளுக்கு அது இஞ்சிதான். நாய்க்கும் அதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. மேம்சாப் கூப்பிட்டால் நடந்து வரும், பாஞ்சாலி கூப்பிட்டால் ஓடி வரும்.

பாஞ்சாலி பெங்களூர் மர்பி டவுனிலிருந்து அந்த பங்களாவுக்கு வந்தது பெருக்கித் துடைக்கத்தான். நாய் வேலை அவள் தலையில் விழுந்தது தனிக் கதை. இஞ்சிக்குத் தரையைக் கூட்டுகிற மாதிரி இரண்டு காதுகள். காதுக்குப் பின்னால் முடி சிக்குப் பிடித்துக் கட்டி கட்டியாக நிற்கும். சீப்பைக் கண்டாலே பல்லைக் காட்டும். அதைப் பார்த்துக்கொள்ள வந்த இரண்டு ஆட்கள் கடி வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மூன்றாவது ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ பார் என்றாள் மேம்சாப். மூன்றாவது ஆள் தேவையே படவில்லை.

பாஞ்சாலி செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. காலை டீயோடு அவளுக்கு ஒரு ரஸ்க் கிடைக்கும். அதில் பாதியை உடைத்து, படுத்திருக்கும் நாயின் முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவில் வைப்பாள். வைத்துவிட்டுத்தான் சீப்பை எடுப்பாள். சிக்கை எடுக்கும்வரை, உண்ணியைப் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணியில் போடும்வரை, நகம் வெட்டி முடிக்கும்வரை ரஸ்க்கைத் தொடக் கூடாது. எல்லாம் முடிந்ததும் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, "ம், தின்னு" என்பாள். முதல் வாரம் இஞ்சி திருடித் தின்றது. இரண்டாம் வாரம் உறுமியது. ஒரு மாதத்தில், சீப்பு எவ்வளவு வலிக்க இழுத்தாலும் கண்ணை ரஸ்க்கைவிட்டு எடுக்காமல் எச்சில் ஒழுகப் படுத்திருக்கக் கற்றுக்கொண்டது.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. வெறும் நாய்க்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். பெற்ற பிள்ளைகளின் தலையைக்கூட பாஞ்சாலி அவ்வளவு பொறுமையாக வாரியதில்லை. அதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் ஆகியும் அந்தத் தெருவில் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டுவது நிற்கவில்லை. இந்த வீடு இந்த மாதம், அந்த வீடு அடுத்த மாதம் என்று சீமைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். பிறந்து வளர்ந்து எழுபது வயதுவரை பெங்களூரைத் தவிர வேறு ஊரில் குடியிருந்திராத வார்னர் மேம்சாப்பும் ஒருநாள், மகள் கூப்பிடுகிறாள், நானும் போகிறேன் என்றாள். நாயைக் கூட்டிப்போக முடியாது. கப்பலை விட்டு இறங்கியதும், வெறிநோய் இருக்குமோ என்று ஆறு மாதம் கூண்டில் அடைப்பார்களாம். பத்து வயதுக் கிழம் அதைத் தாங்காது.

அன்று சாயங்காலம் பாஞ்சாலி புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். முனிகிருஷ்ணன் அதிகம் பேசாத ஆள்.

"உனக்கு வேணுமா அது?" என்றான்.

"வேணும்னு இல்ல. அது எங்க போவும்?"

"கேட்டுப் பாரு. வாசல்ல ஒரு சாக்கு போட்டா கெடக்குது."

கேட்டுவிடுவது என்றுதான் மறுநாள் போனாள். வழியெல்லாம் வார்த்தையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டாள். மேம்சாப், இஞ்சியை நான் வச்சிக்கிறேன். இவ்வளவுதானே, இதில் என்ன இருக்கிறது? ஆனால் பின்கட்டில் நுழைந்ததும் மேம்சாப்பே முந்திக்கொண்டாள்.

"பாஞ்சாலி, சனிக்கெழமை டாக்டர் வர்றான். ஜிஞ்சரை நல்லா குளிப்பாட்டி வை. ரொம்ப அழகா இருக்கணும் அவ."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். பாஞ்சாலி சமையல்கட்டுக்குப் போய் ரெமிஜியஸிடம் விசாரித்தாள்.

"நாய் டாக்டர் தேசிகன்தான்" என்றார் அவர், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பக்கத்து வீட்டு கேப்டன் போனப்போ அவங்க நாயை ஜீப்ல ஏத்தினு போனாரே, அவரே. பெரிய வீடு அவருக்கு. தோட்டம் இருக்குது."

பாஞ்சாலிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தாள். டாக்டர் வீட்டில் ஆட்டுக்கறி போடுவார்கள், படுக்க மெத்தை இருக்கும், ஒரு சீக்கு வந்தால் மருந்தும் வீட்டிலேயே இருக்கும். நம் வீட்டில் என்ன இருக்கிறது, சாக்கும் பழைய சோறும். மனுஷி ஒரு நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறாள், அதற்குக் குறுக்கே போய் எனக்குக் கொடு என்று நிற்பதா? வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை ராத்திரி சோறு இறங்கவில்லை. அப்படியும், நல்லதுக்குத்தான், நல்லதுக்குத்தான் என்று மனசைத் தட்டிக் கொடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் அவள் செய்த அலங்காரம் கல்யாணப் பெண்ணுக்குக்கூட நடந்திருக்காது. வேப்பிலை போட்டுத் தண்ணீர் காய்ச்சினாள். இரண்டு தடவை சோப்புப் போட்டாள். காதின் உள்மடிப்பைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தாள். விரலிடுக்கு முடியைக் கத்தரித்தாள். வெயிலில் காயவைத்து வாரி விட்டதும் அந்தத் தேன் நிற முடி பளபளவென்று அலை அலையாக நின்றது. மகள் சரளாவின் சிவப்பு ரிப்பனைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதைக் கழுத்தில் கட்டினாள்.

"போற எடத்துல கடிச்சி கிடிச்சி வைக்காத. என் மானத்த வாங்காத" என்று காதில் புத்தியும் சொன்னாள்.

டாக்டர் தேசிகன் பத்து மணிக்கு வந்தார். நரைத்த மீசை, மெல்லிய குரல். மேம்சாப் பின் வராந்தாவுக்கு வரவில்லை. ஜன்னலுக்கு உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிரிகிற வருத்தம், இருக்காதா என்று பாஞ்சாலி எண்ணிக்கொண்டாள்.

டாக்டர் பையைத் திறந்து, "பிடிச்சுக்க ஆள் வேணுமே" என்றார்.

"யாரும் பிடிக்க வேணாங்க." பாஞ்சாலி மடியிலிருந்து ரஸ்க்கை எடுத்தாள். இன்றைக்குப் பாதி இல்லை, முழு ரஸ்க். முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்தாள். "இது இருந்தா ஆடாதுங்க."

இஞ்சி தலையை நிமிர்த்திப் படுத்து ரஸ்க்கைப் பார்த்தது. டாக்டர் அதன் முன்னங்காலில் கொஞ்சம் முடியைக் கத்தரித்தார். இவ்வளவு அழகாக வாரியதை வெட்டுகிறாரே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் தடுப்பூசி போடுவார்கள்போல என்று சமாதானம் செய்துகொண்டாள். ஊசி இறங்கியது. நாய் ஒருதடவை ஊசியைப் பார்த்தது, பிறகு ரஸ்க்கைப் பார்த்தது. கால் அசையவில்லை.

"இவ்வளவு சமத்தா ஒரு நாயை நான் பார்த்ததில்லே" என்றார் டாக்டர். "யார் பழக்கினா?"

"நாந்தாங்க." அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "உங்க வூட்லயும் இப்படியே இருக்கும் பாருங்க."

டாக்டர் மருந்து முழுவதும் இறங்கும்வரை ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சியின் தலை மெல்லத் தாழ்ந்தது. மூக்கு ரஸ்க்கில் முட்டியது. அடி திருடி, நான் சொல்வதற்குள் அவசரமா என்று பாஞ்சாலி குனிந்தாள். இஞ்சி கடிக்கவில்லை. ஈரமான மூக்கு ரஸ்க்கின்மேல் அப்படியே இருந்தது.

"முடிஞ்சிச்சிங்களா டாக்டர் ஐயா? தின்னச் சொல்லட்டுங்களா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அவள் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள்.

"ம், தின்னு. தின்னு இஞ்சி."

"உனக்கு யாரும் சொல்லலியாம்மா?" என்றார் டாக்டர்.

அவர் சொல்லி முடிக்குமுன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. கேப்டன் வீட்டு நாய் ஜீப்பில் ஏறி எங்கே போனது என்பதும் புரிந்தது. கடிக்கிற நாயாகவே விட்டிருந்தால், இன்றைக்கு நாலு பேரைக் கடித்துக் குதறியாவது ஓடியிருக்குமே. ஆடாமல் இருக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தானே.

டாக்டர் போன பிறகு மேம்சாப் வராந்தாவுக்கு வந்தாள். தரையில் உட்காரத் தெரியாத உடம்பு, எப்படியோ உட்கார்ந்தாள். நாயின் காதைத் தடவினாள்.

"எத்தனை பேர்க்கு எழுதினேன் தெரியுமா. கெழட்டு நாய், யாருக்கும் வேணாம். தெருவில விட்டுப் போக மனசு வரலே." கழுத்து ரிப்பனின் முடிச்சைச் சரிசெய்தாள். "நீ கேப்பேன்னு பார்த்தேன், பாஞ்சாலி. தினம் பார்த்தேன். உனக்கே நாலு புள்ளைங்க. இதையும் எடுத்துக்கோன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது."

கேட்கத்தான் வந்தேன் என்று பாஞ்சாலி சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கிழவி கப்பலில் போகிற தூரமெல்லாம் அதையே நினைத்து அழுதுகொண்டு போவாள். அதனால் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் ரெமிஜியஸ் குழி தோண்டினார். ரிப்பனை பாஞ்சாலி அவிழ்க்கவில்லை. ரஸ்க்கையும் அதே இடத்தில், முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்தாள்.

மேம்சாப் போகும்போது ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை எடுத்துக்கொண்டு பாஞ்சாலி காக்ஸ் டவுனில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றாள். அந்த வீட்டு அம்மாள் ராஜலக்ஷ்மி, காகிதத்தை இரண்டுமுறை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாயை ரொம்ப நன்னாப் பாத்துப்பேன்னு எழுதியிருக்காளே. எங்காத்துலயும் ஒண்ணு இருக்கு. சீப்பை எடுத்தா கடிக்க வரது. நீ பழக்கிடுவியோல்லியோ?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்றாள் பாஞ்சாலி. "பாத்திரம் தேய்ப்பேன். துணி தொவைப்பேன்."

உள்ளேயிருந்து ஒரு வெள்ளை நாய் ஓடி வந்து அவள் கையை மோந்து பார்த்தது. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.