தம்பியின் எச்சில்

வெர்லின் ஸ்காரின் வாயில் எச்சில் ஊறியது அவர் சாப்பிடும்போது அல்ல, நான்கு மைல் தள்ளி வசித்த அவருடைய தம்பி ஓடல் சாப்பிடும்போது. காலையில் ஓடல் ஓட்ஸ் கஞ்சி குடித்தால் இங்கே வெர்லினின் நாக்கில் பாலும் பழுப்புச் சர்க்கரையும் இனித்தன. வெள்ளிக்கிழமை மாலை ஓடல் ஊர் விடுதியில் வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிந்தால் இவருக்குத் தாடை கூசியது. எல்க் ரிட்ஜ் என்ற அந்தச் சிற்றூரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விஸ்கான்சின் மாநிலம் முழுக்க அந்த வருடம் பால் விலை சரிந்து கிடந்தது, பேச அதுவே போதுமானதாக இருந்தது.

வெர்லின் ஏலக்காரர். மாடு, டிராக்டர், இறந்தவர் வீட்டுக் கட்டில் எதுவானாலும் மூச்சு விடாமல் விலையைப் பாட்டாகவே பாடி விற்றுவிடுவார். அந்த வாயை நம்பித்தான் குடும்பமே இருந்தது. அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு கொடுத்துப் புற்றைப் பொசுக்கினார்கள், கூடவே எச்சில் சுரப்பிகளும் பொசுங்கிப்போயின. அதன்பிறகு ரொட்டி மரத்தூள் போலத் தொண்டையில் நின்றது. தேவாலயத்தில் கொடுத்த அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தது. ஒரு கன்று ஏலத்தில் பாட்டின் நடுவே நாக்கு ஒட்டிக்கொண்டபோது, கூட்டம் மொத்தமும் தத்தம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றது. அங்கே இரக்கத்தை அப்படித்தான் காட்டுவார்கள்.

தம்பியோடு பேச்சு நின்று அதற்குள் வெகுகாலம் ஆகியிருந்தது. ஓடலின் பண்ணை நொடித்தபோது வங்கி அவருடைய மாடுகளை ஏலம் விட்டது. சுற்றுவட்டாரத்தில் வேறு ஏலக்காரர் இல்லாததால் அண்ணனே விற்றார். விற்றதையாவது ஓடல் பொறுத்திருப்பார். ஓடல் தன் கையால் பாலூட்டி வளர்த்த பசுவைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, வெர்லின் வழக்கம்போல ஒரு வேடிக்கை சொன்னார்: "இந்தம்மா பால் கொஞ்சம் கம்மியாத்தான் குடுக்கும். ஆனா எந்தம்பியவிட நல்லாக் கணக்குப் பார்க்கும்." ஊர் சிரித்தது. அன்று முதல் தேவாலயத்தில் ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம்.

நகரத்து மருத்துவமனையில் புதுச் சிகிச்சை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவரின் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து வளர்த்து, கெட்டுப்போன சுரப்பிகளுக்குள் ஊசியால் இறக்குவது. இன்னும் என்னவாக ஆவதென்று முடிவு செய்யாத செல்கள் அவை, போன இடத்தைப் பார்த்துப் பிழைப்பைக் கற்றுக்கொள்ளும் என்றார் டாக்டர். வெர்லினின் மனைவி மார்லிஸ் இதைத் தேவாலயத்தில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவைத்தார். அடுத்த வாரமே ஓடல் யாரிடமும் சொல்லாமல் தனியாகக் காரோட்டிப் போய், குப்புறப் படுத்து மஜ்ஜையைக் கொடுத்துவிட்டு, மறுநாள் தீவன ஆலை வேலைக்குத் திரும்பிவிட்டார். வெர்லின் நன்றி சொல்லவில்லை. அந்த ஊரில் நன்றி சொன்னால் கொடுத்தவர் கூனிக்குறுகிப் போவார்.

செல்கள் பிழைப்பைக் கற்றுக்கொண்டன, பழைய எஜமானரை மட்டும் மறக்கவில்லை. மார்லிஸ் சீக்கிரமே ஓடலின் சாப்பாட்டு நேரம் பார்த்துத் தட்டு வைக்கப் பழகினார். ஏலங்களும் அந்த நேரத்துக்கு மாறின. ஆனால் சில பிற்பகல்களில், யாரும் எதுவும் சாப்பிடாத நேரத்தில், வெர்லினின் வாய் உப்புக் கரித்தது. மீன் இல்லை, கறி இல்லை, வெறும் உப்பு. என்ன ஆயிற்று என்று மார்லிஸ் கேட்டார்.

"அழுவுறான். காலித் தொழுவத்துல நின்னுக்கிட்டு அழுவுறான்."

அன்று மாட்டு ஏலத்தில் சொன்ன வேடிக்கையை வெர்லினால் திரும்பப் பிடித்து விழுங்க முடியுமானால், எச்சில் இல்லாமலேகூட விழுங்கியிருப்பார்.

எல்க் ரிட்ஜில் காப்பிக்குக் கூப்பிட்டால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள், இரண்டாம் தடவை எதற்குச் சிரமம் என்பார்கள், மூன்றாம் தடவை அரை கப் போதும் என்பார்கள். முதல் அழைப்பிலேயே எழுந்து வருகிறவனைப் பறக்காவெட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, தேவாலய வாசலில் ஓடல் அண்ணன் முன்னால் வந்து நின்றார். "அண்ணே, வீட்டுக்கு வாயேன். காப்பி போடறேன்." வேண்டாம்ப்பா என்றார் வெர்லின், முறைப்படி. முதல் பனி விழுந்த வாரம் தீவன ஆலையில் ஓடல் மறுபடி கேட்டார். எதற்குச் சிரமம் என்றார் வெர்லின். வீட்டுக்கு வந்து, இன்னும் ஒரு அழைப்புதான் பாக்கி என்று மார்லிஸிடம் சொல்லி, நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்தார். ஜனவரியில் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த ஓடல் மாரடைப்பு வந்து அங்கேயே விழுந்து இறந்தார்.

இனி எச்சில் நின்றுவிடும் என்று வெர்லின் எதிர்பார்த்தார். நிற்கவில்லை. குளிர்காலம் முழுக்க வாயில் இரும்பும் உறைந்த மண்ணும் ருசித்தன. பனி இளகியபோது வேர்களின் கசப்பும், எதுவோ மெல்லக் கரைகிற ருசியும் வந்தன. டாக்டர் அளந்து பார்த்து, சுரப்பு அருமையாக இருக்கிறது என்று மகிழ்ந்தார். வெர்லின் எதைத் தின்றாலும் தம்பியின் மண்ணோடு சேர்த்தே தின்றார். இரண்டாம் தடவையே சரியென்று சொல்லியிருக்கலாமே என்று அவர் புலம்பியபோது மார்லிஸ் ஆறுதல் சொன்னார்: "அப்படிச் சொல்லியிருந்தா உங்க தம்பியே பதறிப்போயிருப்பாருங்க."

மே மாதம் ஓடலின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அப்போதும் வேறு ஏலக்காரர் இல்லை. முற்றத்தில் ஊரே நின்றது. வெர்லின் எந்தப் பொருளைப் பற்றியும் வேடிக்கை சொல்லவில்லை. நீலப் புள்ளி போட்ட காப்பிக் கெண்டியைத் தூக்கிக் காட்டினார்கள். காலிக் கெண்டி, மூடி துருப்பிடித்திருந்தது. விலை பாட வெர்லின் வாயைத் திறந்தார். வாய் நிறையச் சூடான காப்பி. அந்த ஊர் வழக்கப்படி முட்டையை உடைத்துப் போட்டுக் கொதிக்கவைத்து அவர்கள் அம்மா இறக்குகிற அதே காப்பி. மண் ருசி துளியும் இல்லை. பாட்டு நின்றது. உதட்டோரம் பழுப்பாக வழிந்ததையும், அதிலிருந்து ஆவி எழுந்ததையும் முன்னால் நின்றவர்கள் பார்த்தார்கள்.

அவர் ஒரு மிடறு விழுங்கிவிட்டு, கெண்டியைப் பார்த்துச் சொன்னார்:

"சரிப்பா. அரை கப் போதும்."

ஊருக்கு வழக்கம் தெரியும். தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு, அவர் குடித்து முடிக்கும்வரை தத்தம் பூட்ஸைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கெண்டியைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த சாமானைக் கொண்டுவரச் சொன்னார்.