ஓல்காவிடம் சொல்லியாயிற்றா?

சனிக்கிழமை பதில் சொல்கிறேன் என்று தெசாங்கா சொல்லியிருந்தாள். சனிக்கிழமையும் வந்தாயிற்று, ஓய்வூதியர் சங்கத்துப் பேருந்து டான்யூப் நதியையும் தாண்டியாயிற்று, பதிலைத்தான் காணோம்.

மாதம் ஒரு சனிக்கிழமை சங்கத்தார் இப்படிக் கிளம்புவார்கள். ஒரு ஒயின் கிடங்கு, ஒரு போர் நினைவிடம், பொழுது சாய்வதற்குள் வீடு. இரண்டு வருஷமாக மிலிவோய்க்குப் பக்கத்து இருக்கை தெசாங்காவுக்குத்தான். இன்றைக்கு என்னடாவென்றால், நேராகப் போய் அவருடைய சிநேகிதன் கோய்கோவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அவளைக் கேட்ட மனிதர் பின் வரிசையில் தன்னந்தனியாக! ரயில்வேயில் முப்பது வருஷம் சிக்னல் பார்த்தவர்தான் மிலிவோய். இந்தச் சிக்னல் மட்டும் சிவப்பா பச்சையா என்று அவருக்குப் புரியவே இல்லை.

கிடங்கில் எல்லோரும் பாலாடைக்கட்டியும் பன்றிக்கொழுப்பு வறுவலும் தின்றுகொண்டிருந்தபோது, தெசாங்கா கோப்பையோடு அவரிடம் வந்தாள்.

"ஓல்காகிட்ட சொல்லிட்டியா?"

மிலிவோய்க்குப் புரையேறிவிட்டது. ஓல்கா அவர் மனைவி. செத்து நாலு வருஷமாகிறது.

"எந்த ஓல்கா?"

"ம்க்கும், ஊர்ல உனக்குப் பத்து ஓல்காவா?" என்று முறைத்துவிட்டுப் போனவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

கோபமா, பிரியமா? கோய்கோவிடம் கேட்டார். "பொண்டாட்டிய மறக்காதேங்கிறா. வேணாம்னு நாசூக்கா சொல்றாடா, மண்டு! இன்னொரு கிளாஸ் ஊத்திக்க" என்றான் கோய்கோ. மிலிவோய் ஊற்றிக்கொண்டார். மனசு விட்டே போயிற்று.

மத்தியானத்துக்கு மேல் மலையுச்சி நினைவிடத்துக்குப் போனார்கள். போரில் மாண்டவர்களின் ஆத்மாவுக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் ஒயினைக் கல்லடியில் ஊற்றினார்கள். தெசாங்கா, கிடங்கில் வாங்கிய புட்டியிலிருந்து ஊற்றிவிட்டு, மறுபடியும் சாய்த்தாள்.

"இது லாசருக்கு" என்றாள். லாசர் அவள் புருஷன், போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். "வியாழக்கிழமையே கல்லறைக்குப் போய் அவர்கிட்ட சொல்லிட்டேன். மிலிவோய்னு ஒருத்தன், பஸ்ல குறட்டை விடுவான், ஆனா மனசு தங்கம், அவன் வீட்டுக்குப் போறேன்னு."

"என்ன சொன்னே?"

"செவிடா நீ? நீ சொன்னியா இல்லையா, அதைச் சொல்லு."

ஆக, பதில் சரி என்பதுதான்! மிலிவோய்க்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அடுத்த நொடியே ஓல்கா ஞாபகத்துக்கு வந்தாள்.

"நான் மார்ச்லேர்ந்து கல்லறைப் பக்கமே போகல" என்றார்.

"ஏன்?"

"பயமா இருக்கு. அவ மூஞ்சியப் பார்த்து இதை எப்படிச் சொல்றது?"

தெசாங்கா சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

"அவளுக்குத் தெரியாம அவ வீட்டுக்குள்ள நான் திருடி மாதிரி நுழைய மாட்டேன், மிலிவோய். நீ சொல்ற வரைக்கும் பஸ்ல உன் பக்கத்துல உக்காரவும் மாட்டேன். சொல்லலேன்னா இதோட விட்டுடுவோம்." புட்டியை அவர் கையில் திணித்தாள். "இங்கயே சொல்லு. கேக்கும்."

சுற்றிலும் சங்கத்தார் நிற்கிறார்கள். கோய்கோ வேறு வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறான். மிலிவோய் கொஞ்சம் ஊற்றினார். தொப்பியைக் கழற்றினார்.

"ஓல்கா... வெந்நீர் பாய்லரை மாத்தியாச்சு. குடமிளகாய் இந்த வருஷம் பரவாயில்ல. உன் தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன்..."

தெசாங்கா விலாவில் ஒரு இடி இடித்தாள்.

"ஓல்கா, இவ தெசாங்கா." தொப்பியைக் கையில் கசக்கினார். "சமையல் உன் அளவுக்கு வராது. வாய் ஜாஸ்தி. ஆனா தினமும் நான் உன்கூடத்தான் பேசறேன், சமையல்கட்டுல, படுக்கையில... நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறியே. இவ பதில் சொல்றா, ஓல்கா."

கோய்கோவும் தொப்பியைக் கழற்றினான். ஓட்டுநர் ஹாரன் அடித்தார், ஒருவரும் அசையவில்லை.